நாற்பது டாலர் சம்பளக்காரர்கள்

கௌபாய் என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்கிற உருவம் ஒன்று உண்டு. அகலத் தொப்பி, இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கி, வாயோரத்தில் சுருட்டு, பின்னால் அஸ்தமன சூரியன். ஹாலிவுட்காரர்கள் செய்து அனுப்பிய உருவம் அது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1972-ல் வந்த 'கங்கா'வில் ஜெய்சங்கர் அதே பாணித் தொப்பியை மாட்டிக்கொண்டு குதிரை ஏறினார். இத்தாலியர் சிருஷ்டித்த டெக்ஸ் வில்லர் என்ற அமெரிக்க வீரர் சித்திரக்கதைப் புஸ்தகங்களில் சுத்தத் தமிழ் பேசிக்கொண்டே எதிரிகளைச் சுட்டுத் தள்ளினார். நானும் அந்த உருவத்தை நம்பி வளர்ந்தவன்தான்.

ஆகையால், அசல் கௌபாய்கள் கிழவர்களான பிறகு சொல்லி வைத்த ஞாபகங்களைப் படிக்க உட்கார்ந்தபோது, முதலில் துப்பாக்கியைத்தான் தேடினேன். கிடைக்காமல் இல்லை. ஆனால் அது சமையல்காரனின் கரண்டி மாதிரி ஏதோ ஓர் ஓரத்தில் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் எனக்குக் கிடைத்ததெல்லாம் தூக்கமில்லாத இரவு, நனைந்த கம்பளி, புழுதி, ஆற்று வெள்ளம், மாதம் 30 டாலரோ 40 டாலரோ சம்பளம். படிக்கப் படிக்க ஏமாற்றம் போய் வேறு ஒரு ருசி வந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு துர்க்குணம் உண்டு. ஒருவர் தம் பழங்கதையைச் சொன்னால், சொன்னதைக் கேட்டுக்கொண்டே சொல்லாமல் விட்டது எது என்றும் காதைத் தீட்டிக் கொள்வான். அந்தத் துர்க்குணம் என்னை எங்கே கொண்டு போய் விட்டது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்தது. யுத்தத்துக்குப் போன டெக்ஸாஸ்காரர்கள் ஊர் திரும்பிப் பார்த்தால், பார்த்துக்கொள்ள ஆளில்லாத மாடுகள் காட்டில் பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாடு 4 டாலருக்குப் போவதே கஷ்டம். வடக்கே பட்டணங்களிலோ அதே மாட்டுக்கு 40 டாலர் வரை கொடுக்க ஆள் இருந்தது. நடுவில் இருந்தது தூரம் ஒன்றுதான். 1867-ல் ஜோசப் மக்காய் என்ற வியாபாரி கான்ஸாஸ் மாகாணத்தில் அபிலீன் என்ற குக்கிராமத்தில், ரயில் பாதையை ஒட்டி மாட்டுப் பட்டிகளைக் கட்டினான். தெற்கேயிருந்து மாடுகளை நடத்தியே கொண்டுவந்து அங்கே ரயிலேற்றினார்கள். ரயில் பாதை மேற்கே நகர நகர, மாட்டுச் சந்தை ஊர்களும் மேற்கே நகர்ந்தன. பிறகு, வடக்கே மொன்டானா, வயோமிங், டகோட்டா பிரதேசங்களில் புல் சும்மா கிடைக்கிறது என்று தெரிந்ததும், மாடுகளை விற்பதற்கு மட்டுமல்ல, மேய விடுவதற்கும் அங்கே ஓட்டிப் போனார்கள். ராஞ்ச் என்று சொல்லப்படும் பெரிய மாட்டுப் பண்ணைகள் அப்படிப் பிறந்தன.

ராஞ்ச் என்ற சொல்லே ஸ்பானிஷ் பாஷையிலிருந்து வந்தது. லாஸோ என்ற சுருக்குக் கயிறும் அப்படித்தான். வித்தையைக் கற்றுக் கொடுத்தவர்கள் மெக்ஸிகோக்காரர்கள். கௌபாய்களில் கறுப்பர்களும் கணிசமாக இருந்தார்கள். நாலில் ஒருவர் இருக்கலாம் என்பது சரித்திரக்காரர்களின் மதிப்பு. டென்னஸியில் 1854-ல் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பிறகு மேற்கே வந்து மாடு ஓட்டிய நாட் லவ் என்பவர் 1907-ல் சுயசரிதை வெளியிட்டார். புளுகு கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் படிக்கச் சுவாரசியமான புளுகு. மாடு ஓட்டும் காலம் முடிந்ததும் அவர் என்ன வேலைக்குப் போனார் தெரியுமா? ரயிலில் புல்மன் வண்டிச் சிப்பந்தி. பிரயாணிகளுக்குப் படுக்கை விரித்துக் கொடுக்கிற வேலை. வெள்ளித்திரை இவர்களை வெகு காலம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்துப் போன கிழவர் டெடி புளூ. உண்மைப் பெயர் எட்வர்ட் சார்லஸ் ஆபட். இங்கிலாந்தில் நார்போக் ஜில்லாவில் 1860-ல் பிறந்தவர். குடும்பம் 1871-ல் அமெரிக்காவில் நெப்ராஸ்காவுக்குக் குடியேறியது. பையன் நோஞ்சான். திறந்த வெளிக் காற்று பட்டால் உடம்பு தேறும் என்று, டெக்ஸாஸிலிருந்து தாம் வாங்கிய மாட்டு மந்தையுடன் தகப்பனார் அவனையும் அனுப்பி வைத்தார். உடம்பு தேறிற்று. ஆனால் பையன் வீட்டுக்கு உதவாமல் போனான். மாட்டுக்காரர்களோடேயே போய்விட்டான்.

ஒரு மந்தை என்றால் 2,000 மாடு, 3,000 மாடு. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள், ஒரு சமையல் வண்டி, உபரிக் குதிரைகள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல். அவசரப்பட்டால் மாடு இளைத்துவிடும். இளைத்த மாட்டுக்கு விலை ஏது? இரவில் மாடுகள் படுத்த பிறகு இரண்டு பேர் குதிரையில் எதிரும் புதிருமாக மந்தையைச் சுற்றி வருவார்கள். சுற்றிக்கொண்டே பாடுவார்கள். மாட்டுக்குச் சங்கீத ஞானம் உண்டா என்பது கிடக்கட்டும். இருட்டில் திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் மாடு மிரளும். பழகின குரல் விடாமல் கேட்டுக் கொண்டிருந்தால் மிரளாது. தோத்திரப் பாட்டோ கெட்ட பாட்டோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

மிரண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு டெடி புளூ சொல்லும் ஒரு சம்பவம் போதும். 1876-ல் நெப்ராஸ்காவில், இடியும் மின்னலுமான ஓர் இரவு. மந்தை எழுந்து ஓடுகிறது. ஆட்கள் குதிரைகளில் பறந்து போய் மாடுகளை வளைத்து, வட்டமாகச் சுழல விட்டுச் சுழல விட்டு அடக்குகிறார்கள். விடிந்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஆட்களில் ஒருவனைக் காணோம். தேடிக்கொண்டு போனால், இரவெல்லாம் மாடுகள் சுழன்ற அந்த இடத்திலேயே, அவனும் அவன் குதிரையும் மண்ணோடு மண்ணாக மிதிபட்டுக் கிடக்கிறார்கள். அடையாளம் தெரிந்தது துப்பாக்கிப் பிடி ஒன்றுதான். தங்களை அறியாமல் தாங்களே அவன் மேல் மாடுகளை ஓட்டிக் கொண்டிருந்தார்கள் என்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு மந்தை வெருண்டு ஓடும்போதுகூடப் பாட வேண்டும் என்று உத்தரவாயிற்று. மாட்டுக்காக அல்ல; யார் எங்கே இருக்கிறான் என்று மற்றவனுக்குத் தெரிவதற்காக.

அறுபது வருஷங்களுக்கு மேல் கழித்து, எண்பதை நெருங்கும் வயதில் இதைச் சொல்கிறார். இந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். எந்தச் சினிமாவிலும் இந்தப் பாட்டு எனக்குக் கேட்டதில்லை.

ஆனால் டெடி புளூ அழுமூஞ்சி அல்ல. மற்றக் கிழவர்கள் எழுதிய புஸ்தகங்களின் மேல் அவருக்கு இருந்த கோபமே, கஷ்டங்களை எல்லாம் எழுதிவிட்டு வேடிக்கைகளை விட்டு விடுகிறார்கள் என்பதுதான். பேரன் பேத்தி படிப்பார்களே என்ற பயம்! இவருக்கு அந்தப் பயம் கிடையாது. பட்டணத்துக்குப் போனது, குடித்தது, சகவாசம் வைத்துக் கொண்ட பெண்கள், எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லி விடுகிறார். அந்தப் பெண்களைப் பற்றி மரியாதையாகவும் சொல்கிறார்.

அந்தப் பட்டணங்களில் ஒன்று மைல்ஸ் சிடி. பெயர்தான் சிடி. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் சூ, சேயன் இனத்தார் கஸ்டர் என்ற தளபதியையும் அவன் சேனையையும் அடியோடு ஒழித்தார்கள் அல்லவா? அதற்குப் பழி தீர்க்க வந்த கர்னல் நெல்ஸன் மைல்ஸின் முகாமை ஒட்டி, சோல்ஜர்களுக்குச் சாராயம் விற்க முளைத்த ஊர் அது. அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். 1881-ல் ரயில் வந்தது. வேறு ஊர்களில் கோயில் வரும், பள்ளிக்கூடம் வரும், கடைசியில் மதுக்கடை வரும். அங்கே வரிசை தலைகீழ்.

மூன்று நான்கு மாதம் மாட்டுடன் நடந்து வந்தவன் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது குடியை அல்ல. குளியல், தலைமயிர் வெட்டு, புதுத் துணி, அப்புறம் போட்டோ! எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. டெடி புளூவும் வாலிபத்தில் இப்படி ஒரு போட்டோ எடுத்துக் கொண்டார். தொப்பி 10 டாலர், கால்சட்டை 12 டாலர். இரண்டும் சேர்ந்தால் அரை மாதச் சம்பளத்துக்கு மேல். அந்தக் கோலத்தில் பெருமையாக வீட்டுக்குப் போனால், சகோதரி அவரைப் பார்த்துவிட்டு, கால்சட்டையைப் பூட்ஸுக்குள்ளிருந்து எடுத்து வெளியே விடு, பார்க்கக் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறாய் என்றாளாம். அவர் அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுவதற்கில்லை. நாம் இன்று காலரிகளில் பார்த்து வியக்கிற கௌபாய் போட்டோக்கள் பலவற்றின் ரகசியம் இதுதான். அது அவன் வேலை செய்த கோலமல்ல. கல்யாணத்துக்குப் போகிற கோலம்.

டெடி புளூ என்ற பெயர் வந்த கதையும் மைல்ஸ் சிடியில்தான் நடந்தது. ஒரு நாடகக் கொட்டகையில், மேடைக்குப் பின்புறம் ஒரு பெண்ணோடு போய்க்கொண்டிருந்தவர், குதிமுள் விரிப்பில் மாட்டித் தடுக்கி, தடுப்பை உடைத்துக்கொண்டு மேடையிலேயே விழுந்துவிட்டார். எதிரே கொட்டகை நிறைய ஜனங்கள். ஓடிப்போயிருந்தால் அவமானம். மனுஷர் என்ன செய்தார்? வாத்தியக்காரர் ஒருவரின் நாற்காலியைப் பிடுங்கி அதன் மேல் ஏறிக்கொண்டு, முரட்டுக் குதிரையை அடக்குகிற பாவனையில், புளூ என்று அதற்குப் பெயரிட்டு அதட்டிக்கொண்டே மேடையைச் சுற்றி வந்தார்! கொட்டகை அதிர்ந்தது. அன்றிலிருந்து சாகும் வரை புளூதான்.

இதே மைல்ஸ் சிடிக்கு 1883-ல் ஒரு மணப்பெண் வந்து இறங்கினாள். நானி ஆல்டர்சன். மேற்கு விர்ஜினியாவில் நல்ல குடும்பத்தில், கறுப்பு வேலைக்காரர்கள் சூழ வளர்ந்தவள். அவளும் 1860-ல் பிறந்தவள்தான். ராஞ்ச் நடத்தப் போகிற கணவனோடு, ஊரிலிருந்து நூறு மைல் தள்ளி, மண் கூரை போட்ட மரக்குடிசைக்குப் போனாள். அடுப்பு மூட்டத் தெரியாது. சமையல் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? பண்ணையில் வேலை பார்த்த கௌபாய்கள். அண்டை வீட்டுப் பெண் என்று பேச்சுக் கொடுக்க ஒரு ஜீவன் கிடையாது. ஆண்களின் ஞாபகங்களில் அந்த வெட்டவெளி சுதந்திரமாக விரிகிறது; அவளுடைய ஞாபகத்தில் அதே வெட்டவெளி வாசலில் வந்து உட்கார்ந்து கொண்டிருக்கிறது.

அடுத்த வருஷம் பிரசவத்துக்காக மைல்ஸ் சிடிக்கு வந்திருந்தாள். அந்தச் சமயத்தில் பண்ணையில் ஒரு விபரீதம் நடந்தது. அங்கே வேலையாயிருந்த ஒருவன், கருப்பு ஓநாய் என்ற பெயருள்ள சேயன் பெரியவர் ஒருவரின் தொப்பியைச் சுட்டுக் காட்டுகிறேன் என்று விளையாட்டாகத் துப்பாக்கியை நீட்டினான். குண்டு அவர் தலையை உரசிக் காயப்படுத்திவிட்டது. அவர் மனுஷர்கள் வந்தார்கள். பண்ணையில் இருந்தவர்கள் அதற்குள் ஓடிவிட்டார்கள். வீடு எரிந்தது. கைக்குழந்தையுடன் இருந்த நானிக்குத் திரும்பிப் போக வீடில்லை.

இதே சம்பவம் டெடி புளூவின் புஸ்தகத்திலும் வருகிறது. இரண்டு பேருமே, ஆரம்பித்தவன் தங்கள் ஆள்தான் என்பதை மறைக்கவில்லை. அந்தக் கால வெள்ளைக்காரர்களில் இது சாமான்யமல்ல. ஆனால் சேயன்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதை நாம்தான் வேறு புஸ்தகங்களைப் புரட்டித் தெரிந்து கொள்ள வேண்டும். 1877-ல் அவர்களைப் பிடித்துத் தெற்கே ஒக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். வெயிலும் ஜுரமும் பட்டினியும் தாங்காமல், 1878-ல் ஒரு கூட்டம் கால்நடையாகச் சொந்த மண்ணுக்குத் திரும்பப் புறப்பட்டது. வழியெல்லாம் பட்டாளம் துரத்திற்று. செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் வந்து சேர்ந்த இடத்தில்தான் ஆல்டர்சன்கள் பண்ணை போட்டிருந்தார்கள். வீடு எரிந்த அதே 1884-ன் கடைசியில்தான் அவர்களுக்கென்று கொஞ்சம் நிலம் ஒதுக்கி உத்தரவு வந்தது.

நானியின் கணவன் 1895-ல் குதிரை உதைத்து இறந்து போனான். அவள் தனியாகவே நின்று குழந்தைகளை ஆளாக்கினாள்.

எல்லாக் கிழவர்களும் தவறாமல் வந்து நிற்கிற ஓர் இடம் உண்டு. 1886-87 பனிக்காலம். அதைச் சொல்லும்போது கதையில் வல்லவன், அல்லாதவன் என்ற வித்தியாசமே போய்விடுகிறது. எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

அதற்கு முந்தி ஐந்தாறு வருஷங்கள் மாட்டில் போட்ட பணம் புல்லாய் முளைக்கும் என்று உலகமே நம்பியது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்த பணக்காரர்கள் மாட்டின் முகத்தையே பாராமல் கம்பெனிப் பங்குகளை வாங்கினார்கள். நிலத்துக்குக் குத்தகை கிடையாது, புல்லுக்கு விலை கிடையாது, கொட்டகை வேண்டாம், வைக்கோல் வேண்டாம், மாடு தானே மேய்ந்து தானே குட்டி போடும்; இதுதான் கணக்கு. கணக்கில் ஒன்றை மட்டும் விட்டு விட்டார்கள். புல்லுக்கும் ஓர் அளவு உண்டு. 1886 கோடையில் மழையில்லை. இருந்த புல்லும் காய்ந்தது. பல இடங்களில் தீப்பிடித்து எரிந்தது. நவம்பரில் பனி ஆரம்பித்தது.

அந்தப் பிரதேசத்தில் பனிக்காலத்து நடுவே மேற்கு மலைகளிலிருந்து சில நாள் வெதுவெதுப்பான காற்று இறங்கும். சினூக் என்பார்கள். அது வந்தால் பனி உருகிப் புல் வெளியே தெரியும். மாடு பிழைத்துக் கொள்ளும். அந்த வருஷம் வந்த காற்று பனியை அரைகுறையாக உருக்கிவிட்டு ஓடிப்போயிற்று. உருகின தண்ணீர் அப்படியே உறைந்து கண்ணாடித் தகடாகப் புல்லை மூடிக்கொண்டது. அதன் மேல் 1887 ஜனவரியில் மறுபடியும் பனிப்புயல். பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே பாரன்ஹீட் 40 டிகிரியையும் தாண்டி இறங்கியது.

டெடி புளூ அப்போது மொன்டானாவில் டி.எச்.எஸ். பண்ணையில் இருந்தார். கம்பளிக் காலுறை இரண்டு, கால்சட்டை இரண்டு, மேலே இன்னும் என்னென்னவோ சுற்றிக்கொண்டு, பனி வெளிச்சம் கண்ணைப் பறிக்காமலிருக்க முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, அவர்கள் நாள் முழுதும் குதிரையில் அலைந்தார்கள். ஆற்றில் உறையாத மடுக்களில் தண்ணீர் தேடிப் போகும் மாடுகளைப் பின்னாலிருக்கிற மாடுகள் நெட்டித் தள்ளிவிடும், விழுந்தால் போனதுதான். அவற்றை விரட்டி விரட்டி மேட்டுக்குக் கொண்டு போனார்கள். பனித்தகடு அறுத்து மாடுகளின் காலெல்லாம் ரத்தம். அந்தக் கொடுமையையெல்லாம் பட்டது ஸ்காட்லாந்தில் இருந்த பங்குதாரர் அல்ல. 40 டாலர் சம்பளக்காரர்கள். மாடு அவர்களுடையது அல்ல. ஆனாலும் தங்கள் மாடு போலத்தான் உயிரைக் கொடுத்தார்கள். டெடி புளூ இதைச் சொல்லும் இடத்தில் பெருமை தெரிகிறது. கூடவே லேசான கசப்பும் தெரிகிறது.

வேறொரு பண்ணையில் சார்லஸ் ரஸ்ஸல் என்ற இளைஞன் இருந்தான். வயது 22. பின்னால் பிரபல சித்திரக்காரனாக ஆகப் போகிறவன். முதலாளி ஹெலினா பட்டணத்திலிருந்து கடிதம் போட்டுக் கேட்டார், நம் மாடுகள் எப்படி இருக்கின்றன என்று. பண்ணைக்காரருக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. ரஸ்ஸல் ஒரு சிறு அட்டையை எடுத்தான். எலும்பும் தோலுமாக, தலை தொங்கி, பனியில் நிற்கிற ஒரே ஒரு மாடு. சற்றுத் தள்ளிக் காத்திருக்கிற ஓநாய்கள். இவ்வளவுதான் வர்ணத்தில் தீட்டினான். பண்ணைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வேறு கடிதமே வேண்டாம் என்று அந்த அட்டையையே அனுப்பிவிட்டார். நூறு பக்க நாவல் எழுதினாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது என்று எனக்குப் படுகிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

வசந்தத்தில் ஆறுகள் பெருகியபோது செத்த மாடுகள் நாள் கணக்கில் மிதந்து போயின. டி.எச்.எஸ். பண்ணையில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. டகோட்டாவில் பண்ணை வைத்திருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பாதிக்கு மேல் நஷ்டம். அவர் அரசியலுக்குத் திரும்பி 1901-ல் ஜனாதிபதியானார். மற்றவர்கள் திரும்பிப் போக அப்படி ஓர் இடம் இல்லை. அப்புறம் பண்ணைகள் சிறுத்தன. 1874-ல் ஜோசப் கிளிடன் காப்புரிமை வாங்கிய முள்கம்பி எங்கும் வந்துவிட்டது. மாட்டுக்குப் பனிக்காலத் தீனி சேர்க்க வேண்டும் என்று ஆயிற்று. குதிரையை விட்டு இறங்கி ஒரு வேலையும் செய்வதில்லை என்றிருந்த கௌபாய், அரிவாளும் கையுமாகப் புல் அறுக்க இறங்கினான். பலருக்கு மாடு செத்ததைவிட இது பெரிய துக்கமாக இருந்ததாகத் தெரிகிறது.

இங்கேதான் என் துர்க்குணம் தலைகாட்டிற்று. அத்தனை கிழவர்களும் மறக்காத அந்தப் பனிக்காலத்துக்குச் சரியாக மூன்று வருஷம் முந்தி, அதே மொன்டானாவில், இன்னொரு பனிக்காலம் இருந்தது. 1883-84. அதில் செத்தவை மாடுகள் அல்ல.

மொன்டானாவின் வடக்கே பிளாக்பீட் என்ற இனத்தார் இருந்தார்கள். செவ்விந்தியர் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கொலம்பஸ் செய்த தப்பை நாமாவது விட்டுவிடலாம். பூர்வகுடிகள் என்பதே சரி. காட்டெருமைதான் அவர்களுக்குச் சோறு, துணி, வீடு எல்லாம். வடக்கு மந்தையின் காட்டெருமைகளைத் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு 1883-ல் அநேகமாக ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார்கள். காலியான அந்தப் புல்வெளிதான் மாட்டுக்காரர்களுக்கு இலவசமாகக் கிடைத்த புல்வெளி. சர்க்கார் தருவதாகச் சொன்ன உணவுப் பண்டங்களோ போதுமான அளவு வந்து சேரவில்லை. ஜனங்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். சுமார் 600 பேர் என்கிறார்கள்.

அந்த ஜனங்களில் ஒருவர் பெயர் 'ஏறக்குறைய நாய்'. நாம் சிரிக்க வேண்டாம். அவர்கள் பாஷையில் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். ஒவ்வொரு சாவுக்கும் அவர் ஒரு குச்சியில் ஒரு வெட்டு வெட்டி வைத்தார். பனிக்காலம் முடிந்தபோது 555 வெட்டுகள் இருந்தன.

ரஸ்ஸலின் அட்டையைப் பற்றிக் கேள்விப்படாத அமெரிக்கன் மேற்குப் பிரதேசத்தில் அபூர்வம். அந்தக் குச்சியைப் பற்றி நான் படித்த கௌபாய் ஞாபகங்கள் எதிலும் ஒரு வார்த்தை இல்லை. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள், பலர் பூர்வகுடிகளோடு சிநேகமாகவும் இருந்தார்கள். அவர்கள் மாட்டோடு இருந்தார்கள், மாடு செத்ததைப் பார்த்தார்கள், அதைச் சொன்னார்கள். கேட்கிறவர்களும் மாட்டைப் பற்றித்தான் கேட்டார்கள்.

கேட்கிறவர் என்று ஒருவர் வேண்டியிருக்கிறது பாருங்கள். டெடி புளூவின் புஸ்தகம் 1939-ல் வந்தது. நானி ஆல்டர்சனின் புஸ்தகம் 1942-ல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியவர் ஹெலினா ஹன்டிங்டன் ஸ்மித் என்ற ஒரே பெண்மணி. தம் குரல் இடையில் கேட்காதபடி பார்த்துக் கொண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அதே சமயத்தில், 1936-லிருந்து 1940 வரை, வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில், சர்க்கார் சம்பளம் கொடுத்து எழுத்தாளர்களை அனுப்பிக் கிழவர் கிழவிகளின் ஞாபகங்களை எழுதி வாங்கினார்கள். சுமார் 2,900 குறிப்புகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. டெக்ஸாஸ் மாட்டுக்காரர்கள் அதில் ஏராளம். எழுத்தாளர்களுக்குச் சர்க்கார் கொடுத்த வேலைகளில் இதைப்போல உருப்படியான வேலை வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

சொல்லாமல் விட்டதைப் பற்றி ஆரம்பித்தேன். அதில் என்னை விடாமல் உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

டெடி புளூ வேலை பார்த்த டி.எச்.எஸ். பண்ணையை நடத்தியவர் கிரான்வில் ஸ்டூவர்ட். தங்கம் தேடி மொன்டானாவுக்கு வந்த ஆதிக் குடியேறிகளில் ஒருவர். படிப்பில் ஆசை உள்ளவர். 1884-ல் குதிரைத் திருடர்களைப் பிடித்து விசாரணையில்லாமல் கொன்று தொங்கவிட்ட கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். செத்தவர் எத்தனை பேர் என்பது ஆளுக்கு ஒரு கணக்காக இருக்கிறது. அந்தக் கொடும் பனிக்காலத்துக்குப் பிறகு, தீனியும் நிழலும் கொடுக்க முடியாத பிராணியை இனி வைத்துக்கொள்ளவே விருப்பமில்லை என்று அந்தத் தொழிலையே வெறுத்தார். மனசாட்சி இல்லாதவர் அல்ல.

அவர் மனைவி ஆபானி, ஷொஷோனி இனத்துப் பெண். 1862-ல் கல்யாணம். பண்ணை வீட்டை ஆண்டவள், பல பிள்ளைகளைப் பெற்றவள். 26 வருஷ தாம்பத்தியத்துக்குப் பிறகு 1888-ல் இறந்தாள். ஸ்டூவர்ட் 1890-ல் தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வெள்ளைக்கார உபாத்தியாயினியை மணந்து கொண்டார். ஆபானியின் சிறு குழந்தைகள் பாதிரிமார் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஸ்டூவர்ட் பிறகு உருகுவே, பராகுவே தேசங்களுக்கு அமெரிக்கப் பிரதிநிதியாகப் போனார்; திரும்பி வந்து பியூட் நகரத்துப் பொது நூலகத்தில் நூலகராக இருந்தார். வயதான காலத்தில் தம் ஞாபகங்களை எழுதினார். அவர் இறந்தது 1918-ல். புஸ்தகம் இரண்டு பாகமாக 1925-ல் வெளிவந்தது. தங்கம் இருக்கிறது, மாடு இருக்கிறது, பனி இருக்கிறது, பறவைகள்கூட இருக்கின்றன. ஆபானியைப் பற்றி வருவது சொற்பம். கல்யாணமான செய்தி பழைய தினக்குறிப்பில் வந்து போகிறது. அதற்குப் பிறகு அவளை நாமாகத் தேட வேண்டும்.

ஆபானியின் பெண்களில் ஒருத்தி மேரி. பண்ணைக்கு வேலைக்கு வந்த ஒரு முரட்டு இங்கிலீஷ்காரப் பையன் அவள்மேல் ஆசை வைத்தான். அவளுக்காகக் குடியை விட்டான். 1889-ல் கல்யாணம் நடந்தது. கில்ட் எட்ஜ் என்ற சுரங்க ஊருக்குப் பக்கத்தில் சின்னதாகச் சொந்தப் பண்ணை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பெற்று, ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். அந்தப் பையன்தான் டெடி புளூ.

கிழவர் தம் புஸ்தகத்தில் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. அவளை முதலில் பார்த்தது, அவள் சகோதரிகள், பண்ணை வீட்டு நடனம், தான் அவளுக்குத் தகுதியா என்று மருகியது, எல்லாம் வருகிறது. அவள் தாயார் யார் என்பதையும் ஒளிக்கவில்லை. புஸ்தகம் அச்சாகி வந்த அதே 1939-ல், ஏப்ரல் மாதம், அவர் காலமானார். மாமனார் காலமாகி அப்போது 20 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.